பத்து வருஷம் தாங்கும் மெத்தை

ஜனவரி 19, திங்கள்

இந்த டைரி மகள் சுகந்தி வாங்கி வந்தது. நான் கேட்கவில்லை. அவள் அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், புரட்டியதை எழுதி வைத்தால் மறக்காது என்று வீட்டுக்கு வந்து பார்க்கப்போகிற நர்சம்மா ரெஜினா அவளிடம் சொன்னாராம். வேலையில் இருந்த காலமெல்லாம் போடியிலிருந்து மூணாறுக்கு அரசுப் பஸ் ஓட்டியவன் நான். கிளம்பியது, சேர்ந்தது என்று எழுதிக் கொடுத்தே கை தேய்ந்தது. ஓய்வு பெற்ற பிறகும் விட மாட்டார்கள் போலிருக்கிறது.

தவமணி என் மனைவி. போன மாதம் முருங்கைக்கீரை ஒடிக்க மாடிப்படியின் விளிம்பில் ஏறி நின்றவள் பின்பக்கமாக விழுந்தாள். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. போகப் போகச் சரியாகும் என்று நான் சொல்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் ஆம்புலன்சில் வீடு வந்து சேர்ந்தோம். முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு எங்கள் மெத்தையை விரித்து வைத்திருந்தேன். படுத்ததும் அவள் இரண்டு கையாலும் அதைத் தடவிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி ரெக்சின்ல கிடந்து வேர்த்துக் கொட்டுச்சுங்க. இதுல படுத்தாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றாள். அது எனக்குப் போதும்.

ஜனவரி 22, வியாழன்

மெத்தையைப் பற்றி எழுதியாக வேண்டும். இந்த வீட்டில் அதன் அருமை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அது தவமணியின் கல்யாணச் சீரோடு வந்தது. குரங்கணிப் பக்கம் அவள் அப்பாவுக்கு நாலைந்து இலவ மரங்கள் இருந்தன. அந்தப் பஞ்சு. இப்போது ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மெத்தையை மாற்ற வேண்டும் என்கிறார்கள். விற்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்? மெத்தையும் டயரும் ஒன்றுதான். ஒரே பக்கம் தேய விட்டால் சீக்கிரம் போகும். இடம் மாற்றி மாற்றிப் போட்டால் உழைக்கும். மாதம் பிறந்தால் தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றுவேன். அடுத்த மாதம் குப்புறப் புரட்டுவேன். சுள்ளென்று வெயில் அடிக்கிற நாளில் மாடியில் காயப் போட்டு, வெயில் இறங்குவதற்குள் எடுத்துவிடுவேன். இலவம்பஞ்சுக்கு ஈரம்தான் எமன். ஓரத்தில் யாரையும் உட்கார விட்டதில்லை, ஓரம் சரிந்துவிடும். பேரப்பிள்ளைகள் ஏறிக் குதித்தால் சத்தம் போடுவேன். அதுகள் எனக்கு வைத்த பெயர் மெத்தைத் தாத்தா.

இன்று பக்கத்து வீட்டு நாகரத்தினம் மதினியைத் துணைக்குக் கூப்பிட்டு, தவமணியைப் பாயில் கிடத்திவிட்டு மெத்தையைத் தலை கால் மாற்றிப் போட்டேன். மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மெத்தையத் திருப்புற வேகத்துக்கு அவளத் திருப்புனா எந்திரிச்சு நடந்துருவா" என்று முனகினார். வாய் கொஞ்சம் நீளம்.

தவமணியைப் பகலில் புரட்டினேன். ராத்திரி அசந்து தூங்கினாள். தூங்குகிறவளை எதற்கு எழுப்புவது?

ஜனவரி 25, ஞாயிறு

புரட்டினேன். புரட்டினேன். மத்தியானம் என் முதுகு பிடித்துக்கொண்டது.

ஜனவரி 30, வெள்ளி

நர்சம்மா வந்தார். சின்ன வயசு, ஸ்கூட்டரில் வருகிறார். தவமணியை ஒருக்களித்துப் பிடித்து முதுகைப் பார்த்தார், பிறகு மெத்தையில் கையை ஊன்றி அழுத்தினார். கை எழுந்து வரவில்லை, பள்ளத்திலேயே நின்றது. "இது பஞ்சா ஐயா, பலகையா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவர், பெண்பிள்ளை என்று பொறுத்துக்கொண்டேன்.

ஏர் பெட் வாங்கச் சொல்கிறார். மோட்டாரில் காற்று ஏறி இறங்குமாம், உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாதாம். உணர்ச்சி இல்லாத உடம்பில் புண் வந்தால் வருவதும் தெரியாது, ஆழமாகப் போவதும் தெரியாது என்றார். பள்ளம் விழுந்த மெத்தை மேல் போட்டால் பிரயோஜனமில்லை, பழசை எடுத்துப் போட்டுவிட்டு விரிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

டியூபை நம்பிக் கொண்டை ஊசி வளைவில் நின்றவனுக்குத்தான் டியூபின் யோக்கியதை தெரியும், கரண்ட் போனால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லி வைத்தேன். அவர் பதில் வைத்திருந்தார். பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

எடுத்துப் போடுவதாம். எங்கே போடுவது? எங்கள் பக்கம் ஒரு மெத்தை வீட்டைவிட்டு வெளியே போவது ஒரே முறைதான். அதில் படுத்தவர் போன பிறகு தலையணையோடு சேர்த்துச் சுருட்டி, சுடுகாட்டுக்குப் போகிற வழியில் பாலத்தடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். காலை முதல் நடை எடுக்கும்போது அந்தப் பாலத்தை எட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். மெத்தை கிடந்தால் கண்டக்டர், "யாரோ போயிட்டாங்கண்ணே" என்பார். யார் என்பது மறு நடையில் தெரிந்துவிடும்.

என் அண்ணனுக்கு ஏர் பெட் வாங்கினார்கள். பழைய மெத்தையை மாட்டுக்கொட்டகையில் தூக்கிப் போட்டார்கள். அந்த மாதம் முழுசாகப் போகவில்லை, இரண்டும் பாலத்துக்குப் போய்விட்டன. ஏர் பெட் வந்த வீட்டில் எழுந்து நடந்தவரை நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் நர்சம்மாவிடம் சொன்னால் சிரிப்பார்.

பிப்ரவரி 6, வெள்ளி

தவமணியின் இடுப்புக்குக் கீழே தோல் ஒரு இடத்தில் சிவந்திருக்கிறது என்று நர்சம்மா காட்டினார். கொசு கடித்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது. புரட்டுகிறீர்களா என்று கேட்டார். டைரியைக் காட்டினேன். இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, "இதுல மெத்தையப் பத்தித்தான் ஐயா நிறைய இருக்கு" என்றார்.

ஏர் பெட்டுக்கு ஏற்பாடு நடக்கிறது என்று அவரிடமும் சொன்னேன், போனில் சுகந்தியிடமும் சொன்னேன். திருப்பூரிலிருந்து அவளே வாங்கி அனுப்புகிறேன் என்று நின்றாள். வேண்டாம் என்று அதட்டி வைத்தேன்.

மெத்தையில் பள்ளம் இருப்பதை நான் மறுக்கவில்லை. பள்ளம் விழுந்தால் வண்டியையா விற்பார்கள்? பஞ்சைப் பிரித்து, காய வைத்து அடித்து, புதுப் பஞ்சு கலந்து, புது உறை போட்டுத் தைத்தால் மெத்தை பழையபடி எழுந்துவிடும். டயரை ரீட்ரேட் செய்கிற மாதிரி. ரீட்ரேட் டயரை முன் சக்கரத்துக்கு மட்டும் போட மாட்டோம், வெடித்தால் வண்டி கையில் நிற்காது. மெத்தைக்கு ஏது முன் சக்கரம்?

தவமணியிடம் சொன்னேன். "எங்க அப்பா பஞ்சு கொஞ்சமாச்சும் மிஞ்சுமா?" என்று கேட்டாள். நல்ல பஞ்சு ஒன்றும் போகாது என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று பட்ட அவமானம் கொஞ்சமில்லை.

காலையில் குட்டியானை வண்டி வரச் சொல்லி மெத்தையை ஏற்றினேன். தவமணியைப் பாயில் நாலு போர்வை மடித்துப் போட்டுப் படுக்க வைத்திருந்தேன். வண்டி தெருமுனை திரும்பும்போது நாகரத்தினம் மதினி சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தார். வண்டியில் மெத்தையைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். காய்கறிப் பையை நடுரோட்டில் போட்டுவிட்டு, "என்னய விட்டுட்டுப் போயிட்டியே தாயி" என்று மாரில் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்திருக்கிறார். பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள்.

பாயில் கிடந்த தவமணி தலையைத் தூக்கி, "இங்கனதான் கிடக்கேன் மதினி. ஓடி வந்தது இளைக்கும், காப்பி போட்டுக் குடிச்சிட்டு அழுங்க" என்றாளாம். நான் திரும்பி வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தவமணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதினியைக் கண்டபடி பேசிவிட்டேன். நல்ல மனுஷி, பாவம்.

மெத்தையைக் கொடுத்திருப்பது மெத்தை தைக்கிற புதூர் வீரணனிடம். அவருக்கு எங்கள் தெருச் செய்தி தெரியாது. தையலைப் பிரித்துப் பஞ்சை அள்ளினார். பாதி கட்டிதட்டிப் போயிருந்தது. மீதியைத் தட்டிப் பார்த்து, நல்ல மலைப்பஞ்சு என்றார். பிறகு கேட்டார்.

"யாருக்குண்ணே? படுக்கையில கிடக்கிறவங்களுக்குன்னா முடிச்சு இல்லாம லேசாத் தச்சுத் தாரேன். மெத்துன்னு இருக்கும். ஆனா ஆறு மாசந்தான், பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிரும்."

மெத்தைக்கு மேலிருந்து கீழ்வரை ஊசி விட்டு இழுத்துக் கட்டுவார்களே, அந்த முடிச்சு. அதுதான் பஞ்சை நகரவிடாமல் பிடித்து வைக்கும்.

"இல்லப்பா, மகளும் மருமகனும் வந்தாப் படுக்குறதுக்கு" என்றேன். "நெருக்கமாப் போடு, நல்லா இறுக்கு. நாள்பட உழைக்கணும்."

"அப்பச் சரி. இறுக்கிப் போட்டா இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்றார்.

ஏன் பொய் சொன்னேன் என்று வண்டியில் வரும்போது யோசித்தேன். ஆறு மாதம் என்றாரே, அதுதான். ஆறு மாதம் என்று கெடு வைத்து அவளுக்கு ஒரு மெத்தை வாங்குவேனா?

பிப்ரவரி 12, வியாழன்

மெத்தை வந்துவிட்டது. பொழுது சாய்ந்த பிறகுதான் இறக்கினேன், தெருவில் இன்னொரு கூத்து வேண்டாம் என்று. நீலக் கோடு போட்ட புது உறை. ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. அறையெல்லாம் புதுப் பஞ்சு மணம். ஓரத் தையலும் முடிச்சுகளும் அச்சடித்த மாதிரி வரிசை பிசகாமல் இருக்கின்றன. தட்டினால் தவில் மாதிரி சத்தம் வருகிறது. தவமணிக்குத் தட்டித் தட்டிக் காட்டினேன்.

அவளைத் தூக்கிக் கிடத்திவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இடுப்பு வரைக்கும்தான எனக்குச் சொல்லத் தெரியும்? நல்லா இருக்குங்க" என்றாள். சற்று நேரம் கழித்து, "தோள்பட்டையில என்னமோ உறுத்துது" என்றாள்.

புதுச் செருப்பு முதலில் கடிக்கத்தான் செய்யும், நாலு நாளில் பழகிவிடும் என்றேன். தோளுக்கு அடியில் மட்டும் துண்டை மடித்து வைத்தேன். சரியாகிவிட்டது. அப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

நர்சம்மா சொட்டு மருந்து முகாம் வேலையாகப் போகிறார், திரும்பி வர இரண்டு வாரம் ஆகுமாம். போனில் சொன்னார். முதுகை நீங்களே தினமும் பார்க்க வேண்டும், கண்ணாடி வைத்தாவது பாருங்கள் என்றார். ஏர் பெட் வந்ததா என்று கேட்டார். படுக்கைக்கு ஏற்பாடு ஆகிவிட்டது என்றேன். பொய் இல்லை.

புரட்டினேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

மெத்தையின் நடுவில் ஒரு ஈரம். தண்ணீர்ச் சொம்பு சரிந்திருக்கும். இல்லை, மூத்திரப் பை கசிந்திருக்கும். பையைப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. அப்போது சொம்புதான்.

மதினியைக் கூப்பிட்டு மெத்தையை எடுத்துக் காய வைத்தேன். கறை மஞ்சளாக இருக்கிறது. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், பாதி போனது. இனி அவளுக்கு அடியில் ரப்பர் ஷீட் விரிக்க வேண்டும். உறை போனால் பஞ்சு போகும்.

தவமணிக்கு ராத்திரி லேசாக உடம்பு சுட்டது. வெயில் ஏறிவிட்டது இல்லையா.

பிப்ரவரி 23, திங்கள்

ரப்பர் ஷீட் விரித்தாயிற்று. மெத்தைக்கு இனிக் கவலையில்லை.

அறையில் ஒரு வாடை. புதுப் பஞ்சில் விதை இருந்து எலி வந்திருக்கும். எலி கட்டிலடியில் எங்கோ செத்துக் கிடக்க வேண்டும். அறை முழுக்கக் கூட்டிக் கழுவினேன். கிடைக்கவில்லை. அந்துருண்டையும் வசம்பும் வாங்கி நான்கு மூலையிலும் வைத்தேன்.

பிப்ரவரி 25, புதன்

வாடை போகவில்லை. மதினி வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறார்.

பிப்ரவரி 27, வெள்ளி

காலையில் பீரோவை நகர்த்திப் பார்த்தேன். அரிசி மூட்டையை நகர்த்திப் பார்த்தேன். தவமணி பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"எதுக்குங்க இம்புட்டுத் தேடுறீங்க?"

"எலிதான். எங்கயோ செத்துக் கிடக்கு."

"எலி இல்லைங்க. நான்தான்."

நான் பீரோவைப் பிடித்தபடி நின்றேன். "முதுகப் பாருங்க" என்றாள். குரல் உயரவில்லை.

இந்த அறையில் வெளிச்சம் சரியில்லை. நான் பார்த்து எனக்கு என்ன விளங்கும்? நர்சம்மாவுக்குப் போன் செய்தேன். முகாம் முடிந்தது, நாளைக் காலையிலேயே வருகிறேன் என்றார். கஞ்சி கொடுத்தேன், இரண்டு வாய் குடித்தாள். வசம்பை எடுத்து வெளியே எறிந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, சனி

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் நடக்காமல் போய்விடுமா?

நர்சம்மா வந்ததும் என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அவளை ஒருக்களித்தார். துணி ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஐயா, பாருங்க" என்றார். பார்த்தேன்.

இடுப்பெலும்புக்கு மேல் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அதைச் சுற்றி, இரண்டு பக்கமும், தொடை வரைக்கும் சின்னச் சின்னதாகக் காசு அளவில் புண்கள். வரிசையாக இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி. நர்சம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரப்பர் ஷீட்டை விலக்கி மெத்தை மேல் கையை ஓட்டினார். ஒரு முடிச்சில் விரல் நின்றது. நகர்த்தினார், அடுத்த முடிச்சில் நின்றது.

"யாரு ஐயா இப்படித் தச்சது?"

"புதூர் வீரணன்" என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். இறுக்கிப் போடச் சொன்னது நான் என்று அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். இறுக்கிப் போடச் சொன்னது நான். நெருக்கமாகப் போடச் சொன்னதும் நான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சுகந்தி கிளம்பிவிட்டாள்.

மார்ச் 3, செவ்வாய்

விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம். டாக்டர் இளவயசுக்காரர், நிதானமாகத்தான் சொன்னார். இறந்துபோன சதையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ஏர் பெட்டில்தான் போட்டிருக்கிறார்கள். அது மூச்சு விடுவது போல ஏறி இறங்குகிறது.

சுகந்தி என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்து, "ஏற்பாடு நடக்குதுன்னீங்களேப்பா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

மார்ச் 5, வியாழன்

தவமணிக்கு இன்று தெளிவு இருந்தது. சுகந்தி மருந்து வாங்கப் போனபோது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டேன். வீரணன் கேட்டதையும், நான் சொன்ன பொய்யையும். முழுசாகச் சொன்னேன்.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"தோள்ல குத்துனப்பவே தெரியும்ங்க" என்றாள். "இங்க குத்துறது அங்கயும் குத்தத்தான செய்யும்? நீங்க அம்புட்டு சந்தோசமாத் தட்டித் தட்டிக் காமிச்சீங்க. சொல்ல மனசு வரல."

சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வந்தது. அவள் சொன்னாள். முதல் நாளே சொன்னாள். நான் துண்டை மடித்து வைத்தேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டிரைவர் சன்னாசி வார்டில் உட்கார்ந்து அழுகிறான் என்று யார் பார்த்தாலும் பார்க்கட்டும். அவள்தான் தட்டிக் கொடுத்தாள். "இதுல மெத்துன்னுதான் இருக்கு. வீட்டுலயும் இது மாதிரி ஒண்ணு வாங்கிப் போடுங்க, வந்துர்றேன்" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஏர் பெட் வாங்கிவிட்டேன். நல்லதாகவே வாங்கினேன். நீல நிறம். கட்டிலில் இருந்து மெத்தையை இறக்கிப் பின்கட்டு அறையில் சாத்தி வைத்துவிட்டு, பலகையைத் துடைத்து இதை விரித்தேன். மோட்டாரைப் போட்டேன். வண்டு முரலுகிற அளவுக்குத்தான் சத்தம். கையை வைத்துப் பார்த்தேன். ஒரு வரிசை ஏறுகிறது, ஒரு வரிசை இறங்குகிறது. எங்கும் உறுத்தவில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று பெரிதாகக் கேட்டேனே. இன்று மத்தியானம் போனது. காற்று இறங்கவில்லை. அப்படியேதான் இருந்தது.

ஓடுகிற மோட்டாரை நிறுத்த மனமில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

மார்ச் 11, புதன்

தவமணி காலையில் போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

எடுத்தது வியாழக்கிழமை. அன்று நடந்ததில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

தேர் கிளம்புகிற நேரத்தில் மதினியின் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்குள் போனார்கள். படுக்கையைப் பாலத்தில் போட வேண்டும் என்று. கட்டிலில் ஏர் பெட் விரித்திருந்தது. அவள் தலையணையும் அதன் மேல்தான் இருந்தது, நான்தான் வைத்திருந்தேன், வந்தால் படுக்கட்டும் என்று. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "புதுசு மாதிரி இருக்கேண்ணே" என்றார் ஒருவர். நான் கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு நாள்கூட அதில் படுக்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால், எதில் படுத்தாள் என்று கேட்பார்கள்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டேன். காற்று முழுசாக இறங்காமல், தலைமாடு மட்டும் உப்பலாக, முள்செடி மேல் கிடந்தது. எங்கள் டிப்போ வண்டி ஒன்று மூணாறு நடைக்குப் போனது. பாலத்துக்கு முன்னால் வேகம் குறைந்தது. ஜன்னலில் கண்டக்டரின் தலை தெரிந்தது.

மார்ச் 29, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சுகந்தி நேற்று ஊருக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது, "பின்கட்டுல இருக்கிறதையும் தூக்கிப் போட்டுருங்கப்பா" என்றாள். சரி என்றேன். இந்த டைரியையும் எரிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டு அறைக்குப் போனேன். மெத்தையைக் கீழே சாய்த்தேன். ரப்பர் ஷீட் இல்லை, துண்டு இல்லை, போர்வை இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தேன்.

முதலில் தோள்பட்டையில் குத்தியது. அவள் சொன்ன அதே இடம். பிறகு நடுமுதுகில். பிறகு இடுப்பில். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு இடுப்புக்குக் கீழேயும் தெரிகிறது. தொடை வரைக்கும் தெரிகிறது. புரண்டு படுக்கச் சொல்லி உடம்பு கெஞ்சியது. எனக்குப் புரள முடியும். புரளாமல் கிடந்தேன். வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற வரைக்கும் கிடந்தேன்.

எழுந்தபோது மெத்தையைப் பார்த்தேன். நான் அவ்வளவு நேரம் கிடந்தும் பள்ளம் விழவில்லை. ஒரு முடிச்சு தளரவில்லை. ஒரு இடத்தில்கூடப் பஞ்சு ஒதுங்கவில்லை. நடுவில் அந்த மஞ்சள் கறை மட்டும் இருக்கிறது, எலுமிச்சைக்குப் போகாத மீதிப் பாதி.

வீரணன் பொய் சொல்லவில்லை. இன்னும் பத்து வருஷம் தாங்கும்.